பின்னறைச் சுவரின் உப்பு

பாபேல் கோபுரத்தைச் செங்கல்லும் தாரும் வைத்துக் கட்டினார்கள் என்று நான் சொன்னதும், எங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தாரா? ரோட்டுக்கு ஊத்துவாங்களே, அதா டீச்சர்?"

"அதேதான். அந்த ஊர்ல பூமியிலேர்ந்து தானா ஊறி வருமாம். கல்லு கிடைக்காத எடம். அதனால செங்கல்லைச் சுட்டு, சாந்துக்குப் பதிலா தாரை வெச்சு ஒட்டியிருக்காங்க."

"சித்திர வெயில்ல உருகாதா? ரெண்டாவது மாடி போடறப்பவே கீய வயிஞ்சிகினு வந்திருக்குமே. ஆண்டவரு இன்னாத்துக்கு எறங்கி வந்து பாஷைய கொயப்பணும்? சும்மா உட்டிருந்தாலே அது உயுந்திருக்கும்."

இதை நான் ஞாயிறு பள்ளியில் சொன்னால் போதகர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். ஆனால் யோசித்துப் பார்த்தபோது மேஸ்திரி கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

எண்பதுகளின் நடுவில் முடிச்சூரில் மனை வாங்கினோம். அப்போது அது பாதி வயல், பாதி கல் நட்ட மனை. மழை பெய்தால் எது எதுவென்று தெரியாது. நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு எடுப்பேன். என் கணவர் கிண்டியில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தார், சபைக் கமிட்டியின் செயலாளராகவும் இருந்தார். வீட்டு விஷயங்களை அவர் ஆபீஸ் ஃபைல் மாதிரி வைத்துக்கொள்வார். எனக்கு எது தெரிய வேண்டும், எது வேண்டாம் என்பதை அவரே முடிவு செய்வார். எனக்கோ பொறுமை கிடையாது. இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கதை நடந்தது.

மேஸ்திரி அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் சபைதான். கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர், எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். சபையில் எல்லாரும் எல்லாரையும் 'பிரதர்' என்போம். அவரை மட்டும் 'மேஸ்திரி' என்போம். அதில் தப்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வேலையில் அவர் கறார். மணல் லோடு வந்தால் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்ப்பார், நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பார். என் கணவர் அவரை நம்பியதே இதைப் பார்த்துத்தான்.

அந்த வருஷம் மே மாத விடுமுறை வேதப் பள்ளியில் என் தலையில் விழுந்த தலைப்பு, வேத காலத்து வீடுகள். பத்து நாள் பாடம். வேதத்தில் எங்கெங்கே சுவர், சாந்து, செங்கல் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். அர்த்தம் புரியாத இடங்களை மேஸ்திரியிடம் கேட்டேன். சாயங்காலம் பள்ளிப் பேப்பர்களைத் திருத்திவிட்டு மனைக்குப் போனால் அரை மணி நேரம் இதே பேச்சுத்தான்.

எகிப்தில் அடிமைகளை வைக்கோல் தராமல் செங்கல் அறுக்கச் சொன்னார்களே, வைக்கோல் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சுடாத பச்சைக் கல் இரண்டு அறுத்துக் காய வைத்தார். ஒன்றில் வைக்கோல் மிதித்திருந்தது, இன்னொன்று வெறும் சேறு. நான்காம் நாள் வெறும் சேற்றுக் கல் குறுக்கே பிளந்து கிடந்தது.

"வைக்கோலும் தரமாட்டேன், எண்ணிக்கையும் கொறையக் கூடாதுன்னா, அது வேல வாங்கற பேச்சு இல்ல டீச்சர். ஆள ஒயிக்கிற பேச்சு" என்றார்.

அந்த இரண்டு கல்லையும் வகுப்புக்கு எடுத்துப்போனேன். பத்து நாளில் பிள்ளைகள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

சத்தில்லாத சாந்தைப் பூசுகிறவர்களைத் தீர்க்கதரிசி ஒருவர் வெளுத்து வாங்கும் இடமும் உண்டு. எவனோ கட்டின மோசமான சுவருக்கு மேலே பளபளவென்று பூசி மறைக்கிறீர்கள், மழை வந்தால் தெரியும் உங்கள் லட்சணம் என்கிற மாதிரியான கோபம். அதை வாசித்துக் காட்டினேன். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேதத்துல எங்க செவுரு வந்தாலும் அதுக்குப் பின்னாலயே திட்டும் வருது" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார். "நம்ம கோயில்ல புதுசா ஹால் கட்டப் போறாங்கன்னு சார் சொன்னாரு. எத்தினியோ வூடு கட்டிட்டேன். அது ஒண்ணு என் கையால எயுந்துச்சின்னா போதும் டீச்சர். அப்பால ஒண்ணும் வாணாம்."

ஞாயிறு பள்ளிக்கான ஹால் அது. அவருக்கே கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு இருந்தது. எங்கள் வீடு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

இனி உப்புக்கு வருகிறேன்.

மனையின் மூலையில் புதிதாகக் கிணறு வெட்டியிருந்தோம். தண்ணீர் வந்தது, ஆனால் சவர், உப்புக் கரித்தது. ஒரு வாய் குடித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் குடம் தூக்கவா சொந்த வீடு கட்டுகிறோம் என்று இருந்தது. நான் நடத்தி வந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதைச் சொன்னேன். பெண்கள் பன்னிரண்டு பேர் வருவார்கள். வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி, கெட்டுப்போன ஊற்றில் புதுப் பாத்திரத்திலிருந்து உப்பைப் போட்டு அதை நல்ல தண்ணீராக்கின சம்பவம் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. நாமும் செய்வோம் என்றார்கள். ஏன் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றியது. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு புது எவர்சில்வர் அன்னக்கூடை வாங்கினேன். ஆளுக்கு ஒரு படி கல்லுப்பு கொண்டுவந்தார்கள். தீர்க்கதரிசிக்கு எவ்வளவு உப்பு போதுமாயிருந்தது என்று வேதம் சொல்லவில்லை. நாங்கள் குறைவு வைக்க விரும்பவில்லை.

லீவு நாளில் மத்தியான வெயிலில் மனைக்குப் போய்ச் சேர்ந்தோம். கிணற்றுக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் எழும்பவில்லை. சுற்றிலும் மண் சரிந்துகொண்டிருந்ததால் மேஸ்திரி மேலே பலகைகளைப் போட்டு முள்ளும் வைத்திருந்தார். பெண்கள் யாரும் கிட்டே போகக்கூடாது என்று ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். கிணற்றை ஒட்டி, வேலைக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் சிமெண்ட் தொட்டி விளிம்பு வரை நிறைந்து கிடந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. முள்ளை யார் எடுப்பது, பலகையை யார் நகர்த்துவது என்று பெண்கள் பேசிக்கொண்டே நின்றார்கள். "எல்லாம் ஒரே தண்ணிதானே" என்று சொல்லி அன்னக்கூடையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். மற்றவர்களும் தங்கள் பங்கைக் கொட்டினார்கள்.

அப்போது மேஸ்திரி பின்னறையிலிருந்து வேகமாக வெளியே வந்தார். கையை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கவனித்தேன். ஆனால் அதற்குள், "கண்களை மூடுவோம்" என்று ஆரம்பித்திருந்தேன். அவர் நின்றுவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். முடிவில் ஆமென் சொன்ன குரல்களில் ஓர் ஆண் குரலும் இருந்தது.

தொட்டியில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் இல்லை. வேலை தொடங்கிய முதல் நாளே மேஸ்திரி கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, இதில் சாந்து குழைத்தால் சுவர் உப்பு பூத்துவிடும் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு வயல்காரரின் பம்ப்செட்டிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பி வைத்திருந்தார்கள். காலையில் வண்டி வரும் நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன். இதை என் கணவர் அப்போது என்னிடம் சொல்லவில்லை, குடிபோன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில்தான் சொன்னார். சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது.

அந்த வாரம் பின்னறையின் உள்பூச்சு நடந்துகொண்டிருந்தது. தெற்குச் சுவர் மட்டும் பாக்கி. அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் அதற்குச் சாந்து குழைத்தார்கள். பூசிய பிறகு ஒரு வாரம் அதே தண்ணீரைத்தான் அதன்மேல் அடித்து ஈரம் காட்டினார்கள்.

கிணறு மாறவில்லை. வீடு பிரதிஷ்டை முடிந்து குடிபோன பிறகும் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர், இரண்டு தெரு தள்ளியிருந்த அடிபம்பிலிருந்துதான் வந்தது. காலையில் என் கணவர் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக் கொண்டுவருவார். உபவாச ஜெபத்தில் யாராவது கிணற்றைப் பற்றிக் கேட்டால், "இன்னும் ஜெபிக்கணும்" என்பேன்.

முதல் மழைக்காலத்திலேயே பின்னறைத் தெற்குச் சுவர் பூத்தது. முதலில் வெள்ளையாக, தொட்டால் உதிரும் பொடி. பிறகு நடுவில் ஈரம் கண்டு பச்சை படர்ந்தது. சுண்ணாம்பு அடித்தால் பத்து நாளில் பொருக்குப் பொருக்காக உரிந்து கீழே விழுந்தது. மற்ற சுவர்கள் எல்லாம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன.

என் கணவர் வேதத்தைப் புரட்டினார். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ தோஷம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பழைய நியாயப்பிரமாணத்தில் விவரமாக இருக்கிறது. ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும். அவன் வருவதற்கு முன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஏழு நாள் பூட்டி வைக்க வேண்டும். தோஷம் பரவியிருந்தால் பூச்சைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டிவிட்டு, வேறு கல்லும் வேறு சாந்தும் கொண்டு சரிசெய்ய வேண்டும்.

"பார்த்தியா, அந்தக் காலத்துலயே இதுக்கு ப்ரொசீஜர் இருந்திருக்கு" என்றார். ப்ரொசீஜர் இருந்தால் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. கட்டிலையும் பீரோவையும் கூடத்துக்கு இழுத்தோம். போதகர் வந்தார். இளம் வயது, சங்கடப்பட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார். "ஈரமா இருக்கு, இல்லையா?" என்றார். காபி குடித்தார், சுருக்கமாக ஜெபித்தார், போய்விட்டார். என் கணவர் பச்சையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அறையைப் பூட்டினார். ஏழு நாள் நாங்கள் கூடத்தில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் புகுந்து புறப்பட்டோம். எட்டாம் நாள் திறந்தால் பச்சை கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை நகர்ந்திருந்தது.

மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து சுவரெதிரில் நின்றார். உளியால் ஒரு சில்லுப் பூச்சைப் பெயர்த்து வாயில் வைத்தார். என் கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். மேஸ்திரி அதைச் சப்பிப் பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். அதிகமாக ஒன்றும் இல்லை, ஒரு பார்வைதான். அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெயில், முள், தொட்டி, அவர் நீட்டிய கை.

"இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க மேஸ்திரி" என்றார் என் கணவர், மேஸ்திரியின் பாஷையிலேயே.

"மணல்ல உப்பு இருந்திருக்கு சார். ஒரு லோடு பாக்காம உட்டுட்டேன் போல. என் தப்புதான்."

"நீங்களா? பாக்காம?"

"ஆமா சார். பேஜாரா பூட்ச்சி. நானே சுரண்டிட்டு வேற பூசிக் குடுத்துட்றேன்."

இரண்டு நாளில் பழைய பூச்சு முழுவதையும் சுரண்டினார். நியாயப்பிரமாணத்தின்படி அதைச் சாக்குகளில் கட்டி, ஏரிக்கரை தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டினார். புதிதாகப் பூசினார். அதற்குப் பிறகு சுவர் பெரிதாகப் பூக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஹாலை யாரிடம் கொடுப்பது என்பதுதான் விஷயம். என் கணவர், மேஸ்திரியே தப்பை ஒப்புக்கொண்டதைச் சொல்லியிருக்கிறார். சத்தில்லாத சாந்து பற்றிய அந்த வேத பாகத்தையும் வாசித்திருக்கிறார். அது என் நோட்டில் நான் குறித்து வைத்திருந்தது. வீட்டுக்கு வந்து, "மனசு கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா தேவனுடைய வீடு இல்லையா?" என்றார். வேலை குரோம்பேட்டைப் பக்கத்து கான்ட்ராக்டர் ஒருவருக்குப் போயிற்று.

கமிட்டிக்கு முன்பு எனக்கு முழுதாக நான்கு நாட்கள் இருந்தன. சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். தோசை வார்க்கும்போது சொல்லியிருக்கலாம், கொசுவலை கட்டும்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கணவர் ஆயுசுக்கும் சிரிப்பார். பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் நான் நடத்துகிற ஜெபம் கேலிப்பொருளாகும். கணக்கு டீச்சர் நல்ல தண்ணீரில் உப்பைக் கொட்டின கதை பள்ளி வரைக்கும் போகும். மேஸ்திரிக்கு என்ன, வேறு வீடு கிடைக்கும், ஊரெல்லாம் மனைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கோழைத்தனம். வேறு பெயர் எதுவும் அதற்குக் கிடையாது.

ஹால் எழும்பியது. பிரதிஷ்டை நாளில் மேஸ்திரி வந்திருந்தார். நாற்காலிகளைத் தூக்கிப் போட்டார். கூட்டம் கலைந்த பிறகு ஒரு சுவரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். யாரோ கூப்பிடவும் போய்விட்டார். நான் அந்த ஹாலில் பல வருஷம் பாடம் எடுத்தேன். பாபேல் கோபுரமும் எடுத்தேன். தார் உருகாதா என்று மட்டும் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் பாதியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, வெள்ளைச் சட்டை. மகளுக்குக் கல்யாணம், நம்ம கோயிலில்தான் என்று தட்டில் பழத்தோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தார். என் கணவர் தாம்பரம் வரைக்கும் போயிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் திறந்திருந்த கதவு வழியாகப் பின்னறையைப் பார்த்தார்.

"இப்போ பூக்கறதில்ல போல."

"இல்ல" என்றேன். பிறகு, எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. "மேஸ்திரி, அன்னிக்கு அந்தச் சுவர் கெட்டது மணலால இல்ல. தொட்டியில நான் கொட்டின உப்பால."

"தெரியும் டீச்சர். நான்தான் அங்க நின்னுகினு இருந்தேனே."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட மணல்னு சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது? ஜெபத்தால செவுரு கெட்டுச்சின்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"நீங்க அந்தத் தண்ணியையாவது கீழ திறந்து விட்டிருக்கலாமே."

"எப்டி உடறது?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பன்னெண்டு பேரு பட்னியா வந்து, கண்ண மூடி ஜெபிச்ச தண்ணி. நானும் ஆமென் சொல்லிட்டேன். அத எட்த்து சாக்கடைல ஊத்தறதா? உப்பு போட்டாதான் தண்ணி நல்லாவும்னு வேதத்துல கீதுன்னு நீங்கதான் சொன்னீங்க. சரி, சாந்துக்கும் நல்லதுதான் ஆவும்னு நெனச்சிகினேன்."

ஹாலைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேச ஆரம்பித்தேன். "அந்த ஹால்..." என்றதும் போதும் என்பது போலக் கையை அசைத்தார். நான் மன்னிப்பு கேட்க அவர் இடம் கொடுக்கவில்லை. டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"கேக்கக் கூடாது. இருந்தாலும் மனசு கேக்கல" என்றார். "அந்தக் கெணறு அப்பால நல்லாச்சா டீச்சர்? செவுத்த பூசிட்டு போனதுக்கு அப்பால நான் இந்தப் பக்கமே வரல, யாரையும் கேக்கவும் இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு வருஷமும் அவர் வைத்திருந்த கேள்வி ஹாலைப் பற்றியதல்ல, இதுதான் என்று புரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் உதவியிருக்கக்கூடிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். இப்போது உண்மை யாருக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப நீங்க குடிச்சிட்டிருக்கறது அந்தத் தண்ணிதான்" என்றேன்.

அவர் டம்ளருக்குள் பார்த்தார். அண்ணாந்து, மிச்சத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அன்றைக்குச் சுவர்ப் பூச்சைச் சோதித்த மாதிரியே நாக்கைச் சப்பிப் பார்த்தார்.

"நல்லா கீது. அப்போ சரி டீச்சர், அப்போ சரி" என்றார். டம்ளரை நீட்டினார். "இன்னொரு டம்ளர் குடுங்க."

நான் சமையலறைக்குப் போய், காலையில் என் கணவர் அடிபம்பிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த குடத்தில் இன்னொரு டம்ளர் மொண்டு வந்து கொடுத்தேன்.